ஹரால்ட் மன்னனை நிறுத்தி வைத்த கட்டியங்காரன்

கூத்தில் ராஜா தானாக மேடையேறிவிட முடியாது. கட்டியங்காரன் முதலில் வந்து கோமாளித்தனம் செய்து, திரைக்குப் பின்னால் நிற்பவரை ‘யாருய்யா நீ, எந்த ஊரு?’ என்று கேட்க வேண்டும். எந்த ராஜாவானாலும் அவன் கேட்டதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே முப்பத்தோரு வருஷமாகக் காலில் சலங்கை கட்டுகிறவர் முருகையன்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மணிலாக் கடலை போடுகிறார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தன் வசனத்தை அவர் எழுதி வைப்பதில்லை. கூத்து நடக்கிற ஊருக்கு மத்தியானமே போய் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். பம்பு செட் பழுதாகி எத்தனை நாள், ரேஷனில் எடை எப்படி, சுடுகாட்டுக்குப் பாதை விட்டார்களா என்று விசாரிப்பார். துரியோதனன் வந்து நின்றதும் அத்தனையும் அவன் தலையில் விடியும். “உன் ராச்சியத்துல அரிசியவிட கல்லு ஜாஸ்தியா கீதே ராசா!” என்பார். கூட்டம் சிரிக்கும். முன்வரிசையில் யாராவது ஒருவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

போன தை மாதம் வேங்கிக்கால் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்று முருகையன் ஆடும் கூத்து ஜமாவை அழைத்தது. நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறாராம். அவர்கள் நாட்டு ராஜா ஒருவரின் கதையைக் கூத்தாகப் போட வேண்டுமாம். ஆங்கில ஆசிரியை பூஜா அந்தக் கதையைத் தமிழில் இருபத்திரண்டு பக்கம் எழுதிக்கொண்டுவந்து படித்துக் காட்டினார். பாட்டு கட்டுவதும் ராஜா வேஷமும் ஜமாவை நடத்தும் வாத்தியார் கோதண்டராமனுக்கு.

ராஜாவின் பெயர் ஹரால்ட். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆள். பதினைந்து வயதில், நாட்டை இழந்திருந்த அண்ணனுக்காகப் போர்க்களம் போனான். அண்ணன் செத்தான், இவன் காயத்தோடு தப்பினான். காட்டுக்குள் ஒரு குடியானவன் அவனைத் தன் வீட்டில் ஒளித்துவைத்து, காயம் ஆறுமட்டும் பார்த்துக்கொண்டான். பிறகு மலை தாண்டி ருஷ்ய தேசம். அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரின் காவல்படை. பல நாட்டில் சண்டை போட்டு, கப்பல் நிறையப் பொன்னோடு ஊர் திரும்பி, அண்ணன் மகனோடு பாதி ராச்சியம் பங்கு போட்டான். அந்த அண்ணன் மகன் செத்ததும் முழு ராச்சியமும் இவனுக்கு. இருபது வருஷ ஆட்சியில் பெரும்பகுதி டென்மார்க்கோடு சண்டை. கடைசியில் இங்கிலாந்தைப் பிடிக்கப் போனவன், வெயிலாக இருக்கிறதென்று கவசங்களைக் கப்பலிலேயே விட்டுவிட்டுக் கரையேறினான். தொண்டையில் அம்பு.

“வெயிலுக்கா கழட்டிட்டான்? இங்க வந்து தோள்ல புஜக்கட்டையும் தலையில கிரீடமும் கட்டிப் பாக்கச் சொல்லு” என்றார் கோதண்டராமன்.

முருகையன் சிரிக்கவில்லை. “எல்லாம் சண்டையாவே கீதேம்மா. சனங்க இன்னா பண்ணாங்க? அவன் ஊருல டீக்கடையா கீது, நான் யாரப் போய்க் கேக்கறது?”

பூஜா தயங்கிப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். “இங்க நாலு வரி இருக்குங்கய்யா. மேட்டுநிலத்துல இருந்த விவசாயிங்க வரி கட்ட மாட்டோம்னாங்க. ராஜா படையோட போய் அவங்க வீடுங்களைக் கொளுத்தினார். சில பேரக் கொன்னார், சில பேர ஊனமாக்கினார்.”

“இரும்மா. சின்ன வயசுல அவன ஒளிச்சு வச்சது யாரு?”

“ஒரு விவசாயிங்கய்யா.”

“பொழைக்க வச்சதும் குடியானவன் வூடு, கொளுத்தினதும் குடியானவன் வூடா?” முருகையன் எழுந்துவிட்டார். “இருபத்திரண்டு பக்கத்துல அதுக்கு நாலு வரியா? ஏம்மா, நாலே வரியா?”

முருகையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மணிலாவுக்குக் களையெடுக்கும்போதும் வாய் முணுமுணுத்தது. மனைவி தனம் கேட்டதற்கு, “ஒரு ராசா, நன்றி கெட்டவன்” என்றார்.

“எந்த ஊருக்காரன்?”

“நார்வே.”

“தோ, அவ்ளோ தூரத்துல இருக்கறவனுக்கா இங்க களையோட பயிரயும் சேத்துப் புடுங்கற?”

ஒத்திகையன்று கல்லூரித் தாளாளர் வந்தார். ராஜா தீ வைத்த சங்கதியைக் கட்டியங்காரன் கேட்டதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இது வேணாம். அந்த நாட்டுக்காரர் முன்வரிசையில உட்காருவார். அவங்க ராஜாவ அவங்க எதிர்லயே அசிங்கப்படுத்தறதா? வீரமா செத்தார்னு முடிங்க, போதும்.”

“நான் கேக்கலன்னா வேற யாரு சார் கேப்பாங்க?”

“யாரும் கேக்க வேணாம்னுதான் சொல்றேன்.”

அவர் போனதும் கோதண்டராமன் முருகையனைத் தனியே இழுத்தார். “பெரிய எடம் முருகையா. வுட்டுடு. ஆயிரம் வருசத்துக்கு முன்னால எரிஞ்ச வூடு.”

“எரிஞ்சவன் கிட்டப் போய்ச் சொல்லு வாத்தியாரே, ஆயிரம் வருசம் ஆயிடுச்சின்னு.”

“அப்ப வரமாட்டியா?”

“வரலன்னா உனக்கு வேஷமே இல்ல. வர்றேன். வாயக் கட்டிக்கிணு வர்றேன்னு மட்டும் நெனைக்காத.”

விழா நாளில் காலை பதினோரு மணிக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. முருகையன் ஆடி வந்தார், சிரிக்க வைத்தார், திரையைப் பார்த்து யார் என்று கேட்டார். கோதண்டராமன் தன் போர்களையும் பொன்னையும் பாடிச் சுழன்று வந்து நின்றார். கைதட்டல் அடங்கியது.

“ராசா, ஒரு சந்தேகம். காயத்தோட ஓடியாந்தப்ப உன்ன வூட்டுல வச்சிக் காப்பாத்தினது யாரு?”

கோதண்டராமனின் கண் ஒரு கணம் தாளாளர் பக்கம் போனது. ஆனால் மிருதங்கம் நின்றுவிட்டது. கட்டியங்காரன் கேட்டுவிட்டான்; ராஜா சும்மா நிற்கக்கூடாது. “ஒரு குடியானவன்” என்றார் மெதுவாக.

“அப்புறம் குடியானவன் வூட்டயே ஏன் கொளுத்தின?”

மைக் நின்றது. யாரோ நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். திறந்த வெளியில் பத்து ஊருக்குக் கேட்கப் பாடிய தொண்டைகள் அவை. மைக் போனது ஒரு பொருட்டில்லை. முப்பது வருஷப் பழக்கம் வாத்தியாரையும் பிடித்துக்கொண்டது. தோளை உயர்த்தி, காலை உதைத்து, அசல் ராஜாவாகவே உறுமினார்: “வரி கேட்டேன், கட்டவில்லை! கொளுத்தினேன்! என் நாடு, என் நெருப்பு! கேட்க நீ யாரடா?”

“நான் யாருன்னு கெடக்கட்டும். உன்னக் காப்பாத்தினானே, அவன் பேரு இன்னா?”

கோதண்டராமன் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு பக்கத்திலும் அந்தப் பெயர் இல்லை. எத்தனை நகரம், எத்தனை கப்பல், எல்லாம் இருந்தது, அது இல்லை. அவர் பூஜாவைப் பார்த்தார். பூஜா அந்தப் பேராசிரியரிடம் குனிந்து கேட்டார். அந்த மனிதர் யோசித்து, இல்லையென்று தலையை ஆட்டினார். அவர்கள் நாட்டுப் பழைய ஏட்டிலேயே அந்தப் பெயர் இல்லையாம்.

“இல்லியா? ஒருத்தனுக்குமா தெரியாது?” முருகையன் மேடை நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். “பேரச் சொல்லு ராசா. அதுவரைக்கும் ஒரு அடி நகர முடியாது.”

மூன்று நிமிஷத்தில் அரங்கத்தின் பெரிய திரை இறங்கியது. அடுத்து பரதநாட்டியம் என்று அறிவித்தார்கள்.

பின்னறையில் கிரீடத்தைக் கழற்றியபடி கோதண்டராமன் கத்தினார். “அம்பு பட்டுச் சாவற எடத்துக்கு ரெண்டு மாசமா பாட்டு கட்டினேன்டா! சாவவே விடலியேடா என்ன!”

“நீ செத்தத எழுதி வைக்க ஆயிரம் பேரு கீறாங்க வாத்தியாரே” என்றார் முருகையன், முகத்து அரிதாரத்தை அழுந்தத் துடைத்தபடி. “அவன் பேர எழுத ஒருத்தன் இல்ல பாரு. தூ!”