அக்காவைக் கேட்காமல் எழுதிய கடைசி அத்தியாயம்

ஐம்பத்தாறு வயதிலும் அவளுக்குப் பெயர் பாப்பாதான். வைத்தவள் அக்கா. ஒருமுறை வைத்ததை மாற்றுகிற வழக்கம் அக்காவிடம் கிடையாது, அது பெயரானாலும் சரி, பூந்தொட்டியானாலும் சரி.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "வலிக்காது, உக்காருங்க" என்று சொல்வது பாப்பாவின் உத்தியோகம். உள்ளே போனவர்கள் அலறுவது அவள் காதிலும் விழும். அதற்காக அவள் சொல்வதை மாற்றிக்கொண்டதில்லை. இத்தனை வருஷம் முகம் கோணாமல் பொய் சொல்லிப் பழகினவள் நாவல் எழுத உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று அக்கா கேட்பாள்.

அக்கா அவர்கள் இருந்த குளிர் ஊரில் டவுன் பஸ் ஓட்டினவள். அந்தக் காலத்தில் டிப்போவில் ஸ்டியரிங் பிடித்த பெண் அவள் ஒருத்திதான். ரிட்டயரான பிறகும் அவளுக்கு மெதுவாகப் பேச வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் குரல் கேட்டுத்தான் காலையில் எழுந்திருப்பார்கள் என்று பாப்பா சொல்வாள். அது பாதி உண்மை.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவள் புருஷன் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, வருவேன் என்றும் சொல்லவில்லை. அக்கா அன்றைக்கும் டியூட்டிக்குப் போனாள். முழு ஷிப்டும் ஓட்டிவிட்டு வந்து, காக்கி உடுப்பைக்கூட மாற்றாமல், வீட்டுக்குப் பின்னால் முள்ளும் ஓட்டாஞ்சில்லுமாகக் கிடந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தாள். எப்போது அழுவாள் என்று பாப்பா துண்டும் கையுமாகக் காத்திருந்தாள். அக்கா அழவில்லை, மறுநாள் போய் ரோஜாப் பதியன் வாங்கி வந்தாள். அந்த ஆளைப் பற்றி அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு பேச்சு கிடையாது. அவன் வரவும் இல்லை. தோட்டம் மட்டும் வேலி வரைக்கும் வளர்ந்தது.

பாப்பாவின் நாவல் ஒரு ரொட்டிக் கடைக்காரனைப் பற்றியது. அவன் ஒரு விடிகாலையில் அடுப்பை மூட்டாமல், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரை விட்டுப் போகிறான். பெண்டாட்டி கடையைத் தானே நடத்துகிறாள். இது யார் கதை என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனாலும் சாயங்காலம் சாயங்காலம் பாப்பா படிப்பாள், அக்கா பட்டாணி உரித்துக்கொண்டு கேட்பாள். இரண்டு பேருமே இது எங்கேயோ இருக்கிற யாரோ ஒருத்தியின் கதை என்பதுபோலவே நடந்துகொள்வார்கள். "அந்தத் தடியன் இப்ப எங்கடி இருக்கான்?" என்று கேட்டுத்தான் அக்கா தினமும் ஆரம்பிப்பாள். தடியன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான் என்றால் அவளுக்கு ஒரே சந்தோஷம். "தூக்கட்டும். நல்லா வேணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோடை முடிகிற சமயத்தில் அக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. டாக்டர், பல் டாக்டர் இல்லை, நிஜ டாக்டர், பாப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார். "இருதயம் ரொம்பக் களைச்சுப் போச்சும்மா. வசந்தம் வரைக்கும் தாங்கினாலே பெரிய விஷயம்." பாப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து அக்காவிடம், "ஓய்வெடுத்தா சரியாப் போயிடுமாம்" என்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கிளினிக்ல சொல்ற மாதிரியே சொல்றியே" என்று மட்டும் சொன்னாள்.

கட்டிலைக் கீழே பின்னறைக்கு மாற்றி, தோட்டத்துப் பக்கத்து ஜன்னலோரம் போட்டார்கள். அன்றிலிருந்து தோட்டம் பாப்பாவின் தலையில் விழுந்தது. அதுவரைக்கும் அவளுக்குச் செடி என்றால் பச்சையாக இருப்பது, அவ்வளவுதான். காலையில் கிளினிக்குக்குப் போகும்முன் தோட்டம், சாயங்காலம் வந்ததும் நாவல் என்று திட்டம் போட்டுக்கொண்டாள். திட்டம் போடுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் போடலாம். இடுப்பு ஒடிய மண்ணைக் கிளறிவிட்டுக் கிளினிக்கில் போய்த் தூங்கி விழுந்தாள். சாயங்காலம் பேனாவைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா கையாலேயே உத்தரவு போட்டாள். கத்தினால் மூச்சு வாங்கியது. அதனால் பஸ் ஓட்டின காலத்துச் சைகை. கை வெளியே நீண்டு அசைந்தால் அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். ஜன்னல் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போலாம். பாப்பா களை என்று நினைத்து நல்ல செடியின் கழுத்தைப் பிடிக்கும்போதெல்லாம் சட்டம் உடைகிற மாதிரி ஒரு அடி விழும். "நானென்ன பஸ்ஸா?" என்று பாப்பா திரும்பிக் கத்துவாள். "பஸ்ஸா இருந்தா சொன்ன பேச்சு கேக்குமே!" என்று பதில் வரும். சொல்லிவிட்டு இருமுவாள். அந்த இருமல் நிற்கிறவரை பாப்பா கையில் மண்ணோடு அப்படியே நிற்பாள்.

இலைகள் பழுத்து விழ ஆரம்பித்த சமயத்தில், கிளினிக்கில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், நாவலின் கடைசி அத்தியாயம் தானாக வந்துவிட்டது. மொத்தம் இரண்டே பக்கம். ரொட்டிக் கடைக்காரன் கிழவனாகத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி கதவைத் திறக்கிறாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். பாப்பா எழுதிவிட்டு முன்மேசையிலேயே அழுதாள். பல்வலியோடு வந்திருந்த ஒருவர் பயந்துபோய் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே படித்துக் காட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. இருந்தும் கேட்டாள், "தடியன் எங்க இருக்கான்?" அந்த நிமிஷத்தில் பாப்பாவின் மனதில் ஒரு பயம் புகுந்துகொண்டது. கதை முடிந்துவிட்டால் அக்காவும் முடிந்துவிடுவாள் என்று. படித்தவள், நாலு பேரிடம் பேசிப் பழகினவள், இப்படியா நினைப்பாள் என்று கேட்கலாம். கிறுக்குத்தனம்தான். பயம் வந்தவளுக்கு அது கிறுக்குத்தனம் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் அவள் அந்த இரண்டு பக்கத்தையும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "இன்னும் துறைமுகத்துலதான் இருக்கான்" என்றாள்.

அதற்கப்புறம் நாவல் வீங்க ஆரம்பித்தது. தடியன் கப்பலேறினான். கப்பல் தரைதட்டியது. ஒரு தீவில் இறங்கினான். அங்கே ஒரு ஆடு வளர்த்தான். ஆடு தொலைந்துபோய் மூன்று அத்தியாயம் தேடினான்.

"இந்த ஆடு எதுக்குடி இப்ப?" என்றாள் அக்கா.

"அவனுக்கு ஒரு துணை வேணாமாக்கா?"

"பொண்டாட்டியை விட்டுட்டு வந்தவனுக்கு ஆடு ஒண்ணுதான் குறைச்சல்."

எழுத எதுவும் வராத நாட்களில் பாப்பா தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டாள். காரணம் கைவசம் நிறைய இருந்தது. வேலியோரத்துப் பெரிய மரம் இலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது, வாரி முடித்துத் திரும்பினால் முதுகுக்குப் பின்னாலேயே இன்னொரு கூடை விழும். ரோஜாக் கிளைகளைக் கழிக்க வேண்டும், விதைகளை உலர்த்த வேண்டும், மக்குக் குழியைக் கிளற வேண்டும். முதலில் நாவலுக்காகத் தோட்டத்தைச் சபித்தவள் இப்போது நாவலிலிருந்து தப்பிக்கத் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வாரின இடத்தையே மறுபடி வாரினாள். ஜன்னலிலிருந்து தட்டு எதுவும் விழவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம், ஆடு கிடைத்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும், அக்கா போர்வையை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, நான் முப்பது வருஷம் வண்டி ஓட்டினவ. டிப்போவுக்குப் போகாம ரவுண்டானாவையே சுத்தற வண்டியைப் பாத்தா எனக்குத் தெரியும்."

பாப்பா தாள்களை அடுக்கினாள். அடுக்கினதையே திரும்ப அடுக்கினாள்.

"அவன் திரும்பி வருவானா மாட்டானா?"

"கதை இன்னும் அங்க வரலக்கா."

"சரி. வந்தான்னு வையி. கதவைத் தட்டறான்னு வையி. அவ என்ன செய்யறான்னு நீயா எழுதிடாத. எனக்கு அதுல சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் அக்கா அந்த விஷயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. "என்னக்கா, இப்பவே சொல்லேன்" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்தது என்ன? கடைசி அத்தியாயம்தான். அதற்கப்புறம்?

"சொல்லலாம்க்கா, அவசரமென்ன? அவன் முதல்ல தீவை விட்டுக் கிளம்பட்டும்" என்றாள்.

"சீக்கிரம் கிளம்பச் சொல்லு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸ் அந்த வாரம் வாசலில் வைத்துப் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேச வேண்டியதைப் பேசிடுங்கம்மா" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை படித்துவிடுவது, அக்கா சொல்வதையும் கேட்டுவிடுவது என்று பாப்பா முடிவு செய்தாள். இந்தத் தடவை நிஜமாகத்தான் முடிவு செய்தாள், அதில் சந்தேகமில்லை.

ஞாயிறு காலை நல்ல வெயில். அக்கா முகம் கழுவி, தலை வாரி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ புறப்படுகிற மாதிரி இருந்தாள். பாப்பா பையைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தைத் தொட்டாள். தொட்டதும் கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, ராத்திரி உறைபனி விழும்னு ரேடியோல சொன்னான். டேலியாக் கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ளயே இருக்கு. எடுக்கலைன்னா அத்தனையும் அழுகிடும்."

"அழுகட்டும்" என்றாள் அக்கா.

டேலியாப் பூ என்றால் அக்காவுக்கு உயிர். போன வருஷம் ஒரு கிழங்கில் தன் மண்வெட்டியே பட்டதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தபோதாவது பாப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"உக்காருடி. இன்னைக்குத் தோட்டம் வேணாம். படி."

"ஒரு மணி நேரம்க்கா. எடுத்துப் போட்டுட்டு ஓடி வந்துடறேன். அப்புறம் உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேன், போதுமா?"

அக்கா அவளையே பார்த்தாள். கோபம் இல்லை. கெஞ்சுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, ஆனால் அந்தப் பார்வை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு கையைத் தூக்கி ஜன்னல் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினாள். போலாம்.

பாப்பா கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தோண்டினாள். ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. தண்டை நறுக்கி, மண்ணை உதறி, பெட்டியில் உமி பரப்பி அடுக்கினாள். நன்றாகச் செய்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அக்காவின் தலை சட்டத்தில் சாய்ந்திருந்தது. வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கிறாள் என்று நினைத்தாள். வேண்டுமென்றே ஒரு ரோஜாக் கிளையைத் தப்பான இடத்தில் பிடித்துக் கத்தரியை வைத்தாள். தட்டு விழவில்லை. கத்தரியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அப்போதும் விழவில்லை.

அவள் உள்ளே ஓடினபோது அக்காவின் கன்னம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடா, உயிர் இருந்த சூடா என்று தெரியவில்லை.

நர்ஸுக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் பாப்பா ஒரு காரியம் செய்தாள். மண் கையோடு பையிலிருந்து இரண்டு பக்கத்தையும் எடுத்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உரக்கப் படித்தாள். ஒரு வரியும் விடவில்லை. தட்டினான், திறந்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். படித்து முடித்துவிட்டு வழக்கம்போல அக்கா என்ன சொல்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பாக்கா? திறந்திருக்கக் கூடாதா? சொல்லேன். நீ சொல்ற மாதிரியே மாத்திடறேன்." இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் தானாக வந்து கதவைத் தட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாவல் அச்சாகி வந்தபோது அதில் அந்த இரண்டு பக்கம் முழுசாக இல்லை. தீவும் ஆடும்கூட இருந்தன, கதவு திறக்கிற இடம் மட்டும் இல்லை. கிழவன் கதவைத் தட்டுகிறான், உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது, அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. கிளினிக்குக்கு வருகிறவர்களில் சிலர் படித்திருக்கிறார்கள். பல் டாக்டரும் படித்தார். முடிவை வாசகர்களிடமே விட்டது அருமையான உத்தி என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாப்பா சிரித்து வைக்கிறாள். உத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தப் பெண் கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று எழுதினவளுக்கே தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள், சொல்கிறேன் என்றும் சொன்னாள், இவள்தான் கிழங்கு எடுக்கப் போய்விட்டாள்.