குடும்பச் சூழல் காரணமாக

என்னோடு வேலை பார்த்த எஸ்தர் என்ற இன்ஸ்பெக்டருக்கு வர வேண்டிய வாய்ப்பை நான் பொய் எழுதித் தடுத்தேன். பிறகு அதை நானே எடுத்துக்கொண்டேன். விமானப் பாதுகாப்புத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அனுபவம் எழுதச் சொன்னார்கள். இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது பாதி உண்மைதான்.

எங்கள் நாட்டுக்கு வரும் சர்வதேச ஆடிட் குழு, ஏர்போர்ட்டில் பைகளைச் சோதிக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஏர்போர்ட்டுகளை மேற்பார்வை செய்யும் அரசு அலுவலகத்தைத்தான் முக்கியமாகச் சோதிக்கிறது. இன்ஸ்பெக்டர்கள் குறையைக் கண்டுபிடித்தார்களா, அது சரியாகும்வரை அலுவலகம் விடாமல் துரத்தியதா என்று பார்க்கிறது.

அப்படியொரு ஆடிட்டுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். இன்ஸ்பெக்டர்களை உட்கார வைத்துப் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். வந்திருந்த ஆடிட்டர் சிரித்த முகமுள்ள மனிதர். அவர் கேட்ட கேள்விக்கு வரிசையாக எல்லோரும் ஒரே வாக்கியத்தை, ஒரே இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னார்கள். அடுத்த ஆள் வாயைத் திறக்கும் முன் ஆடிட்டரே அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லிவிட்டு, "சரிதானே?" என்றார். அறையே சிரித்தது, என்னைத் தவிர.

அதன்பின் எஸ்தரின் முறை. ஒரு ஏர்போர்ட்டின் சுற்றுவேலியில் இருந்த ஓட்டையைப் பலமுறை எழுதிக் கொடுத்ததாகவும், அதை அடைக்கச் சொல்லி எங்கள் அலுவலகம் கெடுவே விதிக்கவில்லை என்றும் அவர் சொன்னார். எங்கள் மதிப்பெண் இறங்கியது.

"ஏம்மா, நான் சொல்லிக் குடுத்தது என்ன, நீ சொன்னது என்ன?" என்று காரிடாரில் கேட்டேன்.

"ஓட்டை இன்னும் இருக்குதான்னு கேட்டாருங்க சார். இருக்குதுங்கன்னேன்."

சில மாதங்களில், சர்வதேச ஆடிட்டர் பயிற்சிக்கு எஸ்தரை அனுப்ப முடியுமா என்று கேட்டு அந்த ஆடிட் குழுவை அனுப்பிய சர்வதேச அமைப்பிலிருந்து கடிதம் வந்தது. 'குடும்பச் சூழல் காரணமாக இவரால் வெளிநாட்டுப் பயணம் இயலாது' என்று பதில் எழுதினேன். எஸ்தரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக என் பெயரைக் கொடுத்தேன்.

பயிற்சியில் முதல் பாடமே, தன் அலுவலகத்தின் குறையைத் தானே சொல்லும் இன்ஸ்பெக்டர்தான் ஒரு நாட்டின் பலம் என்பது. அதை அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு ஆடிட்டராகப் பல நாடுகளுக்குப் போனேன். போன இடங்களிலெல்லாம் என்னைப் போல ஒருவர் இருந்தார். அவர் பின்னால் நாலு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் மகளோடு தங்கினேன். எஸ்தரின் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் நாகலூர். அவர் இன்னும் சர்வீஸில் இருந்தார். காப்பி பறிப்புக்கு லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன்.

வாசலில் அவருடைய அம்மா, காயப்போட்ட காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?"

பெயரைச் சொன்னேன். அவர் கை நின்றது.

"ஓ, நீங்கதானுங்களா? குடும்பச் சூழல்னு எழுதுனீங்களாமா. இந்த ஊட்டுல இருக்கற குடும்பச் சூழல் நாந்தானுங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பொட்டி கட்டி அனுப்பியிருப்பனுங்க."

சத்தம் கேட்டு எஸ்தர் வெளியே வந்தார். "எனக்கு அப்பவே தெரியுங்க சார். அந்த ஆடிட்டர், வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கவலையா மெயில் போட்டிருந்தாரு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்.

"வருத்தத்தை வெச்சு நான் என்னங்க சார் பண்றது? குறையை ஒத்துக்கிட்டீங்க, சரி. திருத்த நடவடிக்கை என்ன? யாரு பண்றது? எப்ப?"

நான் போன நாடுகளிடமெல்லாம் கேட்ட கேள்விகள்தான் இவை. "நான்தாம்மா. இந்த வாரமே" என்றேன்.

"சாப்புட்டுட்டுப் போங்க. தப்பு பண்ணுனவங்களுக்கும் பசிக்குமில்லீங்க" என்றார் அம்மா.

எங்கள் அலுவலகத்தின் இப்போதைய தலைவர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றவர். நடந்ததைச் சொன்னேன். "பென்ஷன் ஒழுங்கா வருதில்ல சார்? எதுக்கு இப்ப இது?" என்றார். நடந்ததையும், எஸ்தரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எஸ்தருக்குச் சர்வீஸ் கொஞ்சம்தான் பாக்கி, பயிற்சிச் செலவு வீண் என்று பதில் வந்தது. திரும்பப் போனேன். மறுபடியும் போனேன். பார்வையாளர் நாற்காலியில் என்னைப் பார்த்துச் சலித்தே அவர் எஸ்தரின் பெயரை அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

எஸ்தர் பயிற்சியில் தேறினார். முதல் ஆடிட் முடித்து வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எந்த நாடு?" என்றேன்.

"சொல்லக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?" என்று சிரித்தார். "அங்கயும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தாருங்க. உள்ளதைச் சொல்லிருமோன்னு பயந்து ஒரு பொண்ணை லீவுல அனுப்பிட்டாரு. நான் கூப்புடச் சொன்னேன். வந்து நொம்ப நல்லாப் பேசுச்சு."

"பாவம், ஆடிட் முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணை அவர் என்ன பண்ணுவாரோ?"

"எனக்கும் அந்தக் கவலைதானுங்க. கிளம்பறப்ப அவரைத் தனியாக் கூப்புட்டு உங்க கதையைச் சொன்னேன். பேர் சொல்லலை."

"என்ன சொன்னார்?"

"எந்திரிச்சுப் போயி அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து, அடுத்த ஆடிட்டர் பயிற்சி எப்பன்னு எங்கிட்டக் கேட்டாரு."