முனைக்கல்லின் பள்ளங்கள்

திருவொற்றியூருக்கு மேற்கே கால்வாயைக் கடக்கும் கற்பாலத்தைப் பற்றி, உறுதியாக அறிந்ததை மட்டுமே இங்கு எழுதுகிறேன். கட்டியவர் இன்னார், ஆண்டு இன்னது என்று ஆளுக்கொன்றாய்ச் சொல்லியே அதன் மெய்வரலாறு குலைந்துபோயிற்று. அந்தக் குவியலில் நானும் ஒரு பிடி போட விரும்பவில்லை. அதற்கு விலை என்னவென்பதைச் சென்ற மழைக்காலத்துக்குப் பின் அறிந்தேன்.

விறகும் உப்பும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையில் நடந்தே கயிற்றால் இழுத்துச் சென்ற கால்வாய் அது. இன்று அதில் ஓடுவது கருநீர். பாலத்தின் மேல் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றுக்காகப் பாலத்தை இடித்து அகலமாகக் கட்டப்போகிறார்கள். கரையோரத் தூணின் முனைக்கல்லில் விரல் புதையும் பள்ளங்கள் சில உண்டு. இழுகயிறு உராய்ந்து உண்டானவை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அளவெடுக்க வந்த பொறியாளரிடம் அவற்றைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“கயிறு தேய்ச்ச தடம்னு உறுதியாச் சொல்வீங்களா சார்? சொன்னா, இந்தத் தூணையாவது விட்டுவைக்க மேலே பேசிப் பார்க்கிறேன்.”

அக்கல்லருகே மீன் அரிந்து கொடுக்கும் அம்மாள், அந்நேரம் பார்த்து ஒரு பள்ளத்தில் கத்தியைத் தீட்டினார். இவை எப்போது உண்டானவை என்று அவரிடமே கேட்டேன்.

“நான் வர்சொல்லவே கீது. எங்க மாமியாளும் இதுலதான் தீட்டிச்சி. இப்போ இன்னும் ஆழமாகீது.”

பொறியாளர் சிரித்துவிட்டார். கயிற்றின் தடமென்றே நம்புகிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல இயலாது என்றேன். அவர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு மேலேறினார். மறுநாள் அக்கல்லின் மேல் சிவப்புச் சாயத்தில் பெருக்கற்குறி இருந்தது.

“ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாக்கு அறுந்துடுமா சார்?” என்றார் அம்மாள். “படா ஞாயக்காரு நீ. இனிமே நான் எங்க குந்துவேன், சொல்லு.”

அம்மாள்மீதும் என்மீதும் வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. கல் தன் வயதுக்குச் சான்று காட்டவேண்டுமாம். மேலே நிற்கும் லாரிகளிடம் எவரும் எதற்கும் சான்று கேட்டதில்லை. பொறியாளர் இன்று கேட்டாலும் அதே விடையைத்தான் சொல்வேன் என்பது எரிச்சலைக் கூட்டுகிறது.

பாலத்தைக் கட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. இடிக்கும் நாள் எதுவென்று எவரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளங்களைத் தொடங்கியது கயிறா, கத்தியா என்பதும் தெரியாது.