ஆண்டுத்திவசத்துக்கு முன் ஒரு முடிசூட்டு

பிரித்தானிய மன்னரின் முடிசூட்டு விழா அன்று நான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் நின்றேன். சுவரிலிருந்த தொலைக்காட்சியில் பிரெஞ்சு நிபுணர்கள் நால்வர் கிரீடத்தின் எடையையும் குதிரைவண்டியின் வயதையும் பற்றி அலுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசரே வேண்டாம் என்ற நாட்டுக்கு இவ்வளவு அக்கறை எதற்கென்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைக்கார அக்காவின் கோபம் வேறு. சேலையை மடித்தபடியே சொன்னார்: "தாய் செத்து ஒரு வருஷம் ஆகேல்லை. ஆண்டுத்திவசம் முடிய முன்னம் என்ன கொண்டாட்டம்? இதை ஒருத்தரும் கேக்கினமில்லை."

உண்மைதான். மகாராணி போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நால்வரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஆனால் மன்னர் கிரீடத்தைச் சுமந்துகொண்டு கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அக்காவின் குரல் இளகிவிட்டது. "பாவம், எழுபது வயசு தாண்டிட்டுது. இனியும் பொறுக்கச் சொல்ல ஏலுமோ?"

பக்கத்தில் அவருடைய மகள் துணி அளந்துகொண்டிருந்தாள். அக்கா தன் மாமியார் காலமானதால் மகளுடைய கலியாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தார். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பிள்ளை, அன்று தமிழில் கேட்டாள்:

"அப்ப எனக்கு மட்டும் ஏலுமோ, அம்மா?"