நனையாத வில்வண்டி

அன்று வாசலில் அப்பா, அம்மா, நான் மூவரும் புது வில்வண்டியைச் சுற்றி நின்றோம். அக்கா மட்டும் இல்லை. வண்டி வாங்கியதே அவளுக்காகத்தான். ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவளைத் தலைப்பிரசவத்துக்குச் சொந்த வண்டியில் அழைத்து வரவேண்டும் என்று வெற்றிலை வியாபாரியான அப்பாவுக்கு ஆசை. எங்கள் வம்சத்தில் அதுவரை வண்டி வைத்திருந்தவர் யாருமில்லை.

செய்து கொடுத்த டவுண் ஆசாரி ஒரு வாக்கும் கொடுத்திருந்தார்.

“அண்ணாச்சி, அடுத்த சித்திரை வரைக்கும் அச்சு முறிஞ்சாலும் வில்லு விட்டாலும் எம் பொறுப்பு. ஆத்துத் தண்ணியில மட்டும் எறக்கிராதிய. எறக்குனா நான் பொறுப்பில்ல.”

வண்டியைவிட அந்த வாக்கைத்தான் அப்பா பத்திரமாக வைத்துக்கொண்டார். பாலத்தைச் சுற்றினால் இரண்டு நாள் குலுங்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. வாடகை வண்டி பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. “ஆறு வத்தட்டும், பைய கூட்டியாரலாம்” என்றார்.

எதிர்வீட்டு மாமா விடவில்லை. “வாசல்ல கட்டிப் போட்டிருக்கீரே வே, பாலு கறக்குதா?”

சாயங்காலங்களில் அக்கா அக்கரைப் படித்துறைக்கு வருவாள். “ஏலே, வண்டி எங்கலே?” என்பாள்.

“ஆறு வத்தணுமாம்!” என்று நான் கத்துவேன். அவள் சிரிப்பு தண்ணீர்மேல் வந்து சேரும். புரட்டாசியில் அவள் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.

“வண்டிக்கு ஆசாரி பொறுப்புன்னிய. எம் மவளுக்கு ஆரு பொறுப்பு?” என்றாள் அம்மா.

மறுநாள் விடிந்ததும் அப்பா மாட்டைப் பூட்டினார். அதற்குள் மலையில் பெய்த மழை இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா அக்கரையிலேயே பெற்றாள். அம்மா இடித்து வைத்த பேறுகால மருந்து பானையோடு கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் அப்பா வண்டியை இறக்கவில்லை. பிள்ளைதான் பிறந்துவிட்டதே என்றார்.

சித்திரை பிறந்த மறுநாள் ஆற்றில் இறக்கினார். அக்கா பிள்ளையோடு வந்தாள். இரண்டாம் நாளே, “வீட்டுக்குப் போணும்ப்பா” என்றாள்.

“இதுதானக்கா வீடு!” என்று சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஏன் அடுப்படிக்குள் போனாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அக்காவைக் கொண்டு விடும்போது நடு ஆற்றில் ஒரு சக்கரத்தின் கடையாணி கழன்று விழுந்தது. புதிது வாங்கி மாட்டினோம். நான் படித்து முடித்து உத்தியோகம் தேடும் இந்நாள்வரை, அந்த வண்டிக்கு வந்த பழுது அது ஒன்றுதான்.

செலவு இரண்டணா.