காய்ச்சலை அடக்கிய மாத்திரை

சொர்ணம்மாளின் கோபம் சாலைக் கடைத்தெருவில் பிரசித்தம். நாகர்கோவிலிலிருந்து மலையாள தேசத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் புருஷன் கோலப்பனின் அரிசிக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அவள்தான். புழுத்த அரிசி அனுப்பிய மில்காரனை நடுத்தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டவள். கோலப்பன் அவள் எதிரில் வாய் திறக்கமாட்டார். ஆனால் செய்வதெல்லாம் அவர் இஷ்டம்.

ஓணம் நெருங்குகிற நேரத்தில் அவருக்கு ஃப்ளூ வந்தது. டாக்டரிடம் போனால் படுக்கச் சொல்லிவிடுவாரே! பக்கத்து மருந்துக் கடை பிரதீஷிடம், காகிதத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கி விழுங்கினார். சாயங்காலமே காய்ச்சல் விட்டது. பெருமை தாங்காமல் மூட்டை தூக்கிக் காட்டினார், மடையர். நாலே நாளில் மூச்சு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அங்கே டாக்டர் பத்மஜா, கோட்டை அக்ரகாரத்துப் பெண், தமிழிலேயே விளக்கினாள்.

"அதில ஸ்டீராய்டு இருந்திருக்கு. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப் பிடிச்சுக் கொல்றதுக்குன்னே ரத்தத்தில வெள்ளையணுக்கள் இருக்கு. அதுங்க சண்டை போடறச்சே வர்ற சூடுதான் காய்ச்சல். இவர் அதுங்க கையைக் கட்டிப் போட்டுட்டார். காய்ச்சல் போச்சு, வைரஸ் போகலை. நுரையீரல்வரைக்கும் இறங்கிடுத்து."

சொர்ணம்மாளுக்குத் திட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தது. ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறவரை என்னவென்று திட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காவல் கிடந்தாள்.

ஒருவழியாகப் பிழைத்து வீடு திரும்பினார். வராந்தாவில் யார் இருமியதோ, மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். திருவோணத்துக்கு இரண்டே நாள். கீழே கடையில் கூட்டம் நெரிந்தது. கோலப்பன் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்து, அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தார்.

"ஒண்ணு போட்டுக்கோ பிள்ளே. ஓணக் கச்சவடம்லா, யாவாரம் நடக்கயில கல்லாவுல ஆள் வேண்டாமா?"

அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். அதே மாத்திரைகள்.

"சாவுல இருந்து ஒங்கள இழுத்துட்டு வந்திருக்கேன். ஒங்களக் கொல்லப் பாத்த மாத்திரைய எனக்குத் தாறியளா? நான் செத்தா கல்லாவுல ஆரை உக்கார வைப்பிய?"

பொட்டலம் ஜன்னல் வழியாகச் சாக்கடைக்குப் போனது. கொதிக்கிற உடம்போடு கீழே இறங்கினாள். கூட்டத்தை வெளியே தள்ளி, ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து படுத்தாள்.

"சாவியக் குடு பிள்ளே, வந்த ஆளெல்லாம் அடுத்த கடைக்குப் போயிரும்," என்று கெஞ்சினார் கோலப்பன்.

"போட்டும். எனக்குள்ள சண்டை நடக்கு, அது முடியாம கடை திறக்காது. நீங்க போய் கஞ்சி வையிங்க."