கண் மூடும்வரை காத்திருந்தோம்

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. விழுப்புரத்தில் அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு கல்லூரியில் நான் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் முதலுதவிப் பயிற்சி வகுப்பு நடக்கும். எங்கள் விலங்கியல் ஆசிரியர்தான் அதற்குப் பொறுப்பு. காக்கி உடுப்பு இலவசம், வகுப்பு முடிந்ததும் இட்டலி உண்டு என்று சொன்னார்கள். இட்டலிக்காகத்தான் சேர்ந்தேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது!

கட்டுப் போடுவதில் என் கை படுமோசம். நான் முழங்காலில் சுற்றிய துணி, ஆள் எழுந்து நடந்தால் கணுக்காலுக்கு வந்து சேரும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த சார், "நீ கட்ட வேணாம்பா, படுத்துக்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவின் நிரந்தர நோயாளி நான்தான்.

நோயாளி என்றால் பெஞ்சில் மல்லாந்து படுக்க வேண்டும். சட்டையில் ஓர் அட்டையைக் குத்தி வைப்பார்கள். 'இடது தொடையில் வெட்டுக்காயம், கடும் ரத்தப்போக்கு' என்றோ, 'வலது முன்கை எலும்பு முறிவு' என்றோ அதில் எழுதியிருக்கும். சார் விசில் ஊதியதும் பையன்கள் ஓடி வந்து அட்டையைப் படிப்பார்கள், அதற்குத் தகுந்தாற்போல் கட்டுவார்கள், ஸ்டிரெச்சரில் தூக்குவார்கள். இதில் நோயாளிக்கு ஒரே ஒரு விதி. கண்ணைத் திறக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. சிரித்தாலும் முனகினாலும் குழுவுக்கு மதிப்பெண் போய்விடும்.

இந்த வித்தையில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். எறும்பு கடித்தாலும் அசைய மாட்டேன். உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் உதடு பிரியாது. "பொணம் தோத்துது போ" என்று சார் முதுகில் தட்டுவார். எனக்கு அது பெரிய பட்டம் வாங்கிய மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதலுதவிப் போட்டி நடந்தது. சுற்றுவட்டாரத்துப் பள்ளி, கல்லூரிக் குழுக்கள் எல்லாம் வந்திருந்தன. எங்கள் பையன்கள் தொடைக் கட்டை அவ்வளவு அழகாகப் போட்டார்கள். நடுவர் என் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, நோயாளியும் நன்றாக ஒத்துழைத்தார் என்று மைக்கிலேயே சொன்னார். கேடயம் எங்களுக்குத்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை அறுவடைக் காலம். ரோடு நெடுக மூட்டை ஏற்றிய வண்டிகள். கேடயத்தை ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் பஸ் நின்றது. ரோட்டோரத்தில் ஒரு கட்டை வண்டி குடை சாய்ந்து கிடந்தது. கடையாணி கழன்று சக்கரம் தனியாக ஓடியிருக்கிறது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த பெண் கீழே விழுந்திருக்கிறார். கூடவே விழுந்த மண்வெட்டி அவர் தொடையை வெட்டிவிட்டது.

எங்கள் காக்கி உடுப்பையும், முதலுதவிப் பையில் இருந்த செஞ்சிலுவை அடையாளத்தையும் பார்த்ததும் கண்டக்டருக்கு ஒரே சந்தோஷம். "வழிய வுடுங்க, வழிய வுடுங்க! வைத்தியம் படிச்ச புள்ளைங்க வந்துட்டாங்க!" என்று கூட்டத்தை விலக்கினார். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இறங்கினோம்.

இறங்கிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, சேலையைச் சுருட்டித் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் அட்டையில் எத்தனையோ முறை எழுதியிருந்த அதே காயம். திண்டிவனத்தில் கேடயம் வாங்கித் தந்த அதே தொடை.

ஒருத்தரும் நகரவில்லை. பையன்கள் சாரைப் பார்த்தார்கள். சார் கூட்டத்தைப் பார்த்தார். பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ள தொடையில ஆம்பளைங்க கைய வெக்கிறதா? நல்லா கீது" என்றார். சார் பின்வாங்கிவிட்டார். பஸ்ஸில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் இடுப்பில் கைக்குழந்தை. இன்னொருவரைச் சார் கூப்பிட்டு, எப்படி அழுத்த வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் ரத்தத்தைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். வண்டி ஓட்டி வந்தவன் அந்தப் பெண்ணின் கொழுந்தன், எங்கள் வயதுப் பையன். அவனிடம் சார் கேட்டார், "ஏம்பா, நாங்க கட்டுப் போடலாமா?"

"எனக்கு இன்னா சார் தெரியும், எங்க அண்ணனைத்தான் கேக்கணும்" என்று அவன் அழுதான்.

அண்ணன் கொல்லையில் இருக்கிறான் என்றார்கள்; எங்கள் பக்கம் வயலைத்தான் கொல்லை என்போம். கூட்டிவர ஓர் ஆள் ஓடினான். சரி, வரட்டும் என்று நாங்கள் நின்றோம். ஆமாம், பை நிறையத் துணியை வைத்துக்கொண்டு, ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, கணவரின் அனுமதிக்காக நின்றோம்.

அப்போது அந்தப் பெண், "துணி இருந்தா குடுங்கப்பா" என்றார். சுருட்டிப் பிடித்திருந்த சேலை முழுக்க நனைந்துவிட்டிருந்தது. பையில் இருந்து ஒரு முக்கோணத் துணியை எடுத்தேன். எட்ட நின்றபடி அவர் பக்கமாகப் போட்டேன். கொடுக்கவில்லை, போட்டேன். அது அவர் முழங்காலில் பட்டு மண்ணில் விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, காயத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை தளர்ந்தது. உதடு வெளுத்தது. கண் செருகி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவ்வளவுதான், "ம், ஜல்தி!" என்று சார் கத்தினார். அத்தனை பேரும் பாய்ந்தோம். ஒருவன் காயத்தை அழுத்தினான், ஒருவன் காலை உயர்த்தினான், இன்னொருவன் பஞ்சு வைத்துக் கட்டினான். துளி பிசகில்லை. இத்தனை நேரம் நியாயம் பேசிய பெரியவர் உட்பட ஒருத்தரும் தடுக்கவில்லை. அதே பஸ்ஸில் தூக்கிப் போட்டு, வழியில் எங்கும் நிற்காமல் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அங்கே டாக்டர், "கட்டு பிரமாதமா போட்டிருக்கீங்களே, யார் டிரெய்னிங்?" என்று கேட்டார். சார் தலையைக் குனிந்துகொண்டார். நான் கேடயத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சார் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். "நம்ம பயிற்சியில எங்க கோளாறு? பயப்படாம சொல்லுங்க" என்றார். ஒவ்வொருவனும் சுற்றிச்சுற்றி ஒன்றையே சொன்னான்: அடிபட்டது பெண், நாம் பழகியதெல்லாம் பையன்களிடம். பெண்களையும் பயிற்சியில் சேர்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அது பொய்யில்லை. ஆனால் அப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருந்தது, தப்பு எங்களுடையது இல்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் சாரும் நானும் இன்னொரு பையனும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அக்கா தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கணவர் ஒரு கைக்குழந்தைக்குப் பாலாடையில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தார். அது பாதியைத் துப்பிவிட்டு வீறிட்டது. "ரத்தம் ரொம்பப் போயிட்டதால தாய்ப்பால் வத்திப்போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார் அவர். எங்கள்மேல் அவருக்குக் கோபமே இல்லை. எழுந்து நின்று, "நீங்க இல்லன்னா இவ இல்ல சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சாருக்கும் தாங்கவில்லை. "இல்லப்பா, நாங்க அப்பவே கட்டியிருக்கணும். உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு நின்னுட்டோம்" என்றார்.

கட்டிலில் இருந்து அந்த அக்கா பேசினார். குரல் மெலிந்துதான் வந்தது. "அவரை எதுக்கு சார் கேக்கணும்? அவரு கொல்லையில மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தாரு. நான் அங்கியேதானே குந்திக்கினு இருந்தேன்?"

சார், "நீயாவது வாயைத் திறந்து கட்டுங்கன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"அத்தினி ஆம்பளைங்க நிக்கற எடத்துல, வந்து தொடுங்கன்னு ஒரு பொம்பளை எப்டி சார் சொல்லுவா? நீங்க கேட்டிருந்தா தலையையாவது ஆட்டியிருப்பேன். ஒருத்தரு விடாம மூஞ்சி மூஞ்சியாப் பாத்தேன். எல்லாரும் காலத்தான் பாத்துக்கினு இருந்தீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பி மட்டும் துணி போட்டுச்சு."

போட்டுச்சு என்றார். அவர் மனசில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. சாத்துக்குடிப் பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் என்பதால்தான் தொடவில்லை என்றால், அவர் மயங்கியதும் எப்படித் தொட்டோம்? மயங்கினாலும் பெண்தானே? பேசுகிற நோயாளியை நாங்கள் பார்த்ததே இல்லை. எங்களுக்குத் தெரிந்த நோயாளி வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டு கிடப்பான். அந்த நோயாளி நான். அத்தனை பேருக்கும் அதைப் பழக்கிவிட்டவன் நான். பாராட்டு வேறு வாங்கினேன்.

சனிக்கிழமை வழக்கம்போலப் பெஞ்சில் படுத்தேன். சார் விசில் ஊதினார். ஒருவன் ஓடி வந்து அட்டையைப் பார்த்துவிட்டு என் காலைப் பிடித்தான். "யாரைக் கேட்டுடா தொடறே?" என்று கத்தினேன். அவன் பயந்து துணியைக் கீழே போட்டுவிட்டான். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சாருக்குக் கோபம். "டேய், என்ன விளையாட்டு இது? நோயாளி பேசக் கூடாதுன்னு தெரியாதா?"

"அந்தக்கா பேசினாங்களே சார்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. சார் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் படுத்திருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு என் சட்டையில் இருந்த அட்டையை அவரே கழற்றினார்.

அதன்பிறகு எங்கள் வகுப்பில் அட்டை கிடையாது. போய்ப் பக்கத்தில் குந்த வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், நான் இன்னார் என்று சொல்லி, எங்கே வலிக்கிறது, தொடலாமா என்று கேட்க வேண்டும். அதன்பிறகுதான் துணி. நோயாளி கத்துவான், வேண்டாம் என்பான், தண்ணீர் கேட்பான், அம்மாவைக் கூப்பிடுவான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே கட்ட வேண்டும். ஆளுக்கொரு முறை நோயாளியானோம், சாரும் படுத்தார். ஒருநாள் அவர் தன் மனைவியை அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். முன்கையில் மட்டும்தான் கட்டு என்று சொல்லியும் முதலில் போனவனுக்கு வியர்த்துக் கொட்டியது. "தொடலாமாங்க?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மாள் கையை நீட்டிவிட்டார். இதற்காகச் சாரைக் கல்லூரி முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அவர் எங்களிடம் மூச்சு விடவில்லை.

மறு வருஷம் நாங்கள் அங்கேயே பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தோம். திண்டிவனத்தில் அதே போட்டி. எங்கள் குழு நோயாளியின் முகத்தைப் பார்த்துக் குந்தியதும், நடுவர்களுக்குப் புரியவில்லை. நேரம் வீணாகிறது, நோயாளி பேசுகிறான் என்று மதிப்பெண்ணை வெட்டித் தள்ளினார்கள். கடைசி இடம். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினோம். எங்களில் யாருக்கும் அதில் துளி வருத்தம் இல்லை.

அந்த அக்கா பிறகு எழுந்து நடந்தார், குழந்தையும் பசும்பாலிலேயே தேறிவிட்டது என்று சார் விசாரித்துச் சொன்னார். நல்ல சேதிதான், ஆனால் என் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மரத்தடியில் அவர் கண் செருகித் தலை சாய்ந்தபோது, எனக்குப் பதற்றம் வரவில்லை. 'அப்பாடா, இனிமேல் தொடலாம்' என்று நிம்மதிதான் வந்தது. ஒரு மனுஷி நினைவிழந்ததைப் பார்த்து நிம்மதியடைந்தவன் நான் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது.